சிவப்பு இறக்கைமேல் படிந்த தூசி

எங்கள் வீட்டில் ஒரே ஒரு பொருளின் மேல்தான் தூசி இருந்தது. மற்றதெல்லாம் பளிச்சென்று இருக்கும். என் தம்பி மனைவி காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் துடைப்பாள். சாப்பிட மறந்தாலும் மறப்பாள், துடைக்க மறக்கமாட்டாள். ஸ்டூல் போட்டு ஏறி மின்விசிறி இறக்கையின் மேல்பக்கம், கதவு நிலையின் மேல்விளிம்பு என்று யார் கண்ணிலும் படாத இடத்தையெல்லாம் துடைப்பாள். அவளுக்கு நான் 'ஈரத்துணி' என்று பேர் வைத்திருந்தேன். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவேன். அவளும் சிரித்துக்கொண்டு, "என்ன அண்ணி?" என்பாள்.

துடைக்காமல் என்ன செய்வாள்? சுவருக்கு அந்தப் பக்கம் கல் அறுக்கும் பட்டறை. தரையில் பதிக்கிற பெரிய பெரிய கற்பலகைகளை இயந்திரத்தில் அறுத்து, இழைத்து, லாரியில் ஏற்றுவார்கள். காலை எட்டு மணிக்கு ரம்பம் கத்த ஆரம்பித்தால் மாலை ஆறு வரை ஓயாது. ஜன்னலை அடைத்தாலும் மாவு மாதிரி வெள்ளைத் தூசி எப்படியோ உள்ளே வந்துவிடும். அப்பா அம்மா விட்டுப்போன வீடு அது. விற்றுவிட்டுப் போகலாம் என்றால், வாங்க வருகிறவன் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போய்விடுவான்.

தூசி இருந்த அந்த ஒரு பொருள், என் தம்பி செய்த விமானம். அவன் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் அடுத்தவர்களை மேலே ஏற்றி இறக்குகிற பெட்டிகளைப் பழுது பார்ப்பான், வீட்டுக்கு வந்தால் விமானம் செய்வான். காகிதம் மாதிரி லேசான மரக்கட்டையை வெட்டி எலும்புக்கூடு கட்டி, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைச் சூடு வைத்து இழுத்து ஒட்ட வேண்டும். அந்தச் சூடு வைக்கிற வேலை மட்டும் என்னுடையது. நான் சலவைக் கடையில் இருபத்திரண்டு வருடமாக இஸ்திரி போடுகிறவள். எந்தத் துணிக்கு எவ்வளவு சூடு என்று என் உள்ளங்கைக்குத் தெரியும். ஆறடி நீள இறக்கை முழுக்க, ஒரு சுருக்கம் விழாமல் அந்தச் சிவப்புப் படலத்தை ஒட்டியது நான்தான். சும்மா சொல்லக்கூடாது, கன்னம் மாதிரி வழவழவென்று வந்திருந்தது.

அதைத் தன் அறையில் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தான். அதை அவனைத் தவிர யாரும் துடைக்கக்கூடாது என்று கண்டிப்பு. ஈரத்துணியைப் பார்த்து, "நீ மட்டும் கைய வச்ச, அவ்வளவுதான். கல்லுத் தூசி அது. துணியால தேச்சா உப்புத்தாள் போட்டுத் தேச்ச மாதிரி கோடு கோடா விழும். அப்புறம் எந்தச் சாமி வந்தாலும் அந்தப் பளபளப்பு திரும்பாது" என்பான். அவளும் அந்த விமானத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போவாள்.

அப்புறம் அவன் படுத்துவிட்டான். நுரையீரல். நாற்பத்து மூன்று வயதில் மாடிப்படி நான்கு ஏற முடியாமல், பிறகு அறையைவிட்டு வர முடியாமல், பிறகு கட்டிலோடு ஆக்சிஜன் குழாய். ஒன்றரை வருடம் அந்த இறக்கையை யாரும் தொடவில்லை. அவன் தலைக்கு நேர் மேலே சிவப்பு மங்கி, சாம்பல் பூசின மாதிரி ஆகிவிட்டது.

டாக்டர், "கல் உடைக்கிற வேலையா செய்யறீங்க?" என்று கேட்டார். இல்லை என்றதும்தான் எங்களுக்கே உறைத்தது. நான் நேராகப் பட்டறைக்குப் போய்க் கத்தினேன். பட்டறைக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மெதுவாகப் பேசுகிற ரகம். "உங்க தம்பி வீட்டுக்குள்ளயே மரத்தை இழைச்சுக்கிட்டு, பசைய மோந்துக்கிட்டு இருந்தா நெஞ்சு கெடாம என்னம்மா செய்யும்? என் தூசியெல்லாம் என் சுவத்தத் தாண்டறதே இல்ல" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கே கிடந்த கல்லில் ஒன்றை எடுத்திருப்பேன். தூக்க முடிகிற கல் எதுவும் இல்லை.

புகார் கொடுத்தோம். மாசு பார்க்கிற அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி முதல் தடவை வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். எல்லா இடமும் துடைத்து வைத்தது மாதிரி இருந்தது, ஏனென்றால் துடைத்துத்தான் வைத்திருந்தாள். பட்டறைக்காரரும் புகார் போனது தெரிந்ததும் இயந்திரங்களைப் பின்பக்கம் தள்ளி, தார்ப்பாய் கட்டி, தண்ணீர் விட்டு அறுக்க ஆரம்பித்துவிட்டார். புதுத்தூசி வரவில்லை. அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். பிறகு தலையைத் தூக்கி விமானத்தைப் பார்த்தார்.

"இது எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"ஒன்றரை வருஷமா சார்" என்றாள் ஈரத்துணி.

"இது போதும். இதுல படிஞ்சிருக்கறது மரமா கல்லான்னு சோதனையில தெரிஞ்சிடும். கல்லுன்னா பட்டறைய மூட வச்சிடலாம். ஆனா ரெண்டு தரப்பும் இருக்கும்போதுதான் எடுக்கணும், அதுக்கு நோட்டீஸ் குடுக்கணும். நான் வர்ற வரைக்கும் யாரும் மேல விரல் வைக்காதீங்க."

அன்றிலிருந்து அவள் அந்த அறையில் காவல் இருந்தாள். மின்விசிறியைப் போட விடமாட்டாள். யாராவது வேகமாக நடந்தால் முறைப்பாள். நான் தும்மினால்கூட என் முகத்தை வாசல் பக்கம் திருப்பிவிடுவாள்.

அதிகாரி வருவதாகச் சொன்ன நாளில் வரவில்லை. ஜீப் கிடைக்கவில்லையாம். அடுத்த தேதியில் பட்டறைக்காரர் வெளியூர் போய்விட்டாராம். மூன்றாவது தேதிக்கு இரண்டு நாள் முன்னால் போன் வந்தது, இன்னும் பத்து நாள் ஆகும் என்று. அந்தப் போனை எடுத்தது நான்தான். "பத்து நாள் கழிச்சு வந்து என் தம்பி போட்டோவுலயா சார் தூசி எடுப்பீங்க?" என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

தம்பி கட்டிலில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டான். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு இடத்தில் மூச்சு வாங்குவான் அப்போது.

"அக்கா. அத... துடைச்சு விடேன்."

"எத?"

மேலே பார்த்தான். "நாளெல்லாம் அதத்தான் பாத்துக்கிட்டுக் கெடக்கேன். மல்லாந்து படுத்தா... வேற எத பாக்கறது? என் சாவு மாதிரியே இருக்கு. ஒரு தடவ... செவப்பா பாத்துட்டுப் போறேன்."

சமையலறையிலிருந்து அவன் மனைவி ஓடி வந்தாள். "முடியாது. அண்ணி, அவரு சொன்னாருன்னு நீங்க ஏதாவது செஞ்சிடாதீங்க. பத்து நாள்தான். பொறுத்துக்கச் சொல்லுங்க."

"யார பொறுத்துக்கச் சொல்ற? அவன் நெலமையப் பாத்தியா நீ?"

"பாக்காமயா இருக்கேன்?"

"அவனுக்கு அப்புறம் அந்தப் பட்டறைய மூடி என்ன, மூடாம என்ன? யாருக்காக இந்தத் தூசிய அடைகாக்கற?"

அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் விழுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்தேன். நன்றாக அழட்டும் என்றும் நினைத்தேன். அவனுடைய கடைசி ஆசைக்கு இவள் யார் குறுக்கே நிற்க என்று எனக்குள் புகைந்தது. என் தம்பியை எனக்குத்தான் முதலில் தெரியும், அந்தச் சிவப்பை ஒட்டியது என் கை. இப்படியெல்லாம் நினைத்தேன். சின்னப்புத்திதான். மறைத்து என்ன ஆகப்போகிறது?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றிக்கொண்டு வர அவள் வண்டி பிடித்துப் போனாள். திரும்பி வர எப்படியும் மூன்று மணி நேரம் ஆகும். வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் நான் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

நான் ஒன்றும் முழு முட்டாள் இல்லை. எனக்கு ஒரு யோசனை இருந்தது. தூசியை வீணாக்காமல் அப்படியே பொட்டலம் கட்டி வைத்துவிட்டால் அவனுக்குச் சிவப்பும் ஆயிற்று, அதிகாரிக்குத் தூசியும் ஆயிற்று. இவ்வளவு எளிதான விஷயம் அந்த ஈரத்துணிக்குத் தோன்றவில்லையே என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது.

விமானத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினேன். மேஜையில் போர்வை விரித்து, அதன்மேல் வெள்ளைத்தாள் விரித்து, இரண்டு திருகாணியைக் கழற்றி இறக்கையைத் தனியாக வைத்தேன். தம்பி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். அவன் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து ஒரு வருடம் இருக்கும்.

"துணி வேணாம்" என்றான். "மொதல்ல... காத்து. அலமாரில ரப்பர் பந்து இருக்கு."

கேமரா கண்ணாடியை ஊதுகிற ரப்பர் பந்து. இறக்கையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழாக ஊதினேன். தூசி சின்னச் சின்னதாகச் சரிந்து தாளில் விழுந்தது. ஊத ஊத வந்துகொண்டே இருந்தது. ஊதியும் விழாததை, நுனி பஞ்சு போலிருந்த ஒரு தூரிகையால் தொட்டும் தொடாமலும் தள்ளினேன்.

"அமுக்காத. அதுபாட்டுக்கு... வரட்டும்."

"டேய், பட்டுத்துணியில ரத்தக்கறை எடுத்தவ நான். நீ எனக்குச் சொல்லித்தர்றியா?"

அவன் சிரித்தான். சிரித்ததில் இருமல் வந்து, ஐந்து நிமிடம் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். தூசியோடு தாளை நான்காக மடித்துப் பொட்டலம் கட்டினேன். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு கலந்து, பஞ்சை முக்கி, பிழியாமல் இறக்கையின் மேல் நீளவாக்கில் படுக்க வைத்தேன். தேய்க்கக்கூடாது. ஒட்டிக்கொண்டிருப்பது தானே ஊறிக் கிளம்ப வேண்டும். கிளம்பியதும் பஞ்சை உருட்டி எடுத்து ஒரு பையில் போட்டுவிட வேண்டும். ஒருமுறை தொட்ட பஞ்சு இன்னொரு முறை தொடக்கூடாது. ஒன்றரை கட்டுப் பஞ்சு ஆயிற்று. படலம் சேருகிற இடங்களில் தண்ணீர் இறங்காமல் கட்டைவிரலால் அணை போட்டுக்கொண்டேன். கடைசியில் அவனுடைய பழைய பனியனால் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்தேன். இறக்கை முடிந்ததும் உடம்பு, வால் எல்லாம். வாலையாவது விட்டு வைத்திருக்கலாம். பாதி வேலை எனக்குப் பிடிக்காது, என்னத்தைச் சொல்ல!

திரும்ப மாட்டித் தொங்கவிட்டபோது ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் விழுந்து, சிவப்பு அறை முழுக்கத் தெரிந்தது. தம்பி டார்ச்சைக் கேட்டு வாங்கி, படுத்தபடியே ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை அடித்துப் பார்த்தான்.

"ஒரு கீறல் இல்லக்கா" என்றான். மூச்சு வாங்காமல் சொன்னான்.

நான் அந்த மேஜைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அவன் மனைவி வந்து கதவருகே நின்றாள். சிலிண்டரைக் கீழே வைக்கக்கூட மறந்துவிட்டாள். சண்டைக்கு நான் தயாராக இருந்தேன், நாக்கு நுனியில் பத்துப் பதினைந்து வார்த்தை வைத்திருந்தேன். அவள் அண்ணாந்து இறக்கையையே பார்த்தாள். பொட்டலத்தைக் காட்டி, "எல்லாம் பத்திரமா இருக்கு, பயப்படாத" என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய், சிலிண்டரை மாட்டி, அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். "நல்லாயிருக்குல்ல?" என்று அவன் கேட்டதற்கு, "ரொம்ப நல்லாயிருக்குங்க" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவன் போய்விட்டான். கண் மேலே பார்த்தபடி இருந்தது. நான்தான் மூடினேன்.

பத்து நாள் கணக்குச் சொன்னபடி அந்த அதிகாரி இந்தத் தடவை தவறாமல் வந்தார், பட்டறைக்காரரும் கூடவே வந்தார். செத்த வீடு என்று இருவரும் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து நின்றார்கள். அதிகாரி ஸ்டூலில் ஏறினார். ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது? துடைச்சிட்டீங்களா?"

நான் பொட்டலத்தை நீட்டினேன். "அதுல இருந்ததுதான் சார் இது. ஒரு பொடிகூட விடல. துடைச்ச பஞ்சக்கூட பையில வச்சிருக்கேன்."

அவர் வாங்கவில்லை. அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, பரிதாபம். "நீங்க எடுத்துக் குடுக்கறது செல்லாதும்மா. இருக்கற எடத்துலயே படம் எடுத்து, நான் டேப் ஒட்டி எடுத்து, ரெண்டு பேர் முன்னால சீல் வைக்கணும். தொடாதீங்கன்னு அதுக்குத்தானே அவ்வளவு சொன்னேன்?"

"தெருவுல அள்ளிட்டு வந்ததுன்னு நான் சொன்னா என்ன செய்வீங்க?" என்றார் பட்டறைக்காரர். அதையும் மெதுவாகத்தான் சொன்னார். பிறகு அண்ணாந்து பார்த்து, உண்மையாகவே ரசிக்கிறவர் மாதிரி, "எவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க பாருங்க சார். மூஞ்சி தெரியுது" என்றார்.

அதிகாரி அந்தப் பளபளப்பைப் படம் எடுத்தார். பரப்பு சுத்தமாக உள்ளது, தூசிப் படிவு காணப்படவில்லை என்று எழுதினார். என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். வேண்டுமானால் மறுபடியும் மனு கொடுக்கலாம், ஆனால் ஏதாவது ஒரு பரப்பு தொண்ணூறு நாள் கலையாமல் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போனதும் அவன் மனைவி பீரோவிலிருந்து ஒரு பெரிய உறையை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். எக்ஸ்ரே. தம்பியுடையது என்று நினைத்தேன். மூலையில் அவள் பேர் இருந்தது.

"ரெண்டு மாசம் ஆச்சு அண்ணி. அவருக்கு வந்ததேதான், ஆரம்பம்னு டாக்டர் சொன்னாரு. அவருகிட்ட சொல்லியிருந்தா அந்த நிமிஷமே உயிரை விட்டிருப்பாரு. உங்ககிட்ட சொன்னா உங்களுக்கு வாய் நிக்காது."

"குழாயத் தெறந்து விட்டுட்டு..."

"இருமல் சத்தம் கேக்கக்கூடாதுன்னுதான்."

ஐயோ. மூன்று வேளையும் அந்தத் தூசியில் தலையைக் கொடுத்தவள் அவள்தானே! இது எனக்கு ஏன் தோன்றவில்லை? யாருக்காக அடைகாக்கிறாய் என்று வேறு கேட்டேன், பாவி. அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். அவள் காலை இழுத்துக்கொண்டு, "விடுங்க அண்ணி, அவரு சந்தோஷமா போனாரு" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த திங்கட்கிழமை பட்டறைக்காரர் தார்ப்பாயை அவிழ்த்தார். இயந்திரங்கள் பழையபடி எங்கள் சுவரோரம் வந்தன. நான் அவளை அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பினேன். போகமாட்டேன் என்று ஒரே அடம். "நீங்க மட்டும் இங்க இருந்து என்ன செய்யப்போறீங்க?" என்றாள். "தொண்ணூறு நாள் யாராவது இருந்து பாத்துக்க வேணாமா? அந்த ஆள் சுவரேறிக் குதிச்சுத் துடைச்சிட்டுப் போயிட்டா?" என்றேன். பெட்டியை நானே கட்டி, பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். இப்போது தினமும் போன் செய்கிறாள். மூக்கைக் கட்டிக்கொள்கிறீர்களா என்று கேட்கிறாள். கட்டிக்கொள்கிறேன் என்று சொல்கிறேன். சலவைக் கடையிலிருந்து பேசுவதால், குரல் துணிக்குள்ளிருந்து வராததைப் பற்றி அவளுக்குச் சந்தேகம் வருவதில்லை.

இன்றோடு ஐம்பத்தாறு நாள். வேலைக்குப் போகும்முன் அறை ஜன்னல் இரண்டையும் திறந்து வைத்துவிட்டுப் போகிறேன். திரும்பி வந்ததும் செருப்போடு ஸ்டூலில் ஏறி டார்ச் அடித்துப் பார்க்கிறேன். சிவப்பு மங்க ஆரம்பித்துவிட்டது. மழை பெய்து பட்டறை ஓடாத நாட்களில் எனக்கு எரிச்சலாக வருகிறது, என்ன சோம்பேறிகள் என்று திட்டுகிறேன். ரம்பம் நாள் முழுக்கக் கத்தினால் நிம்மதியாக இருக்கிறது. என் தம்பியைத் தின்ற தூசி இன்று எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துச் சந்தோஷப்படுகிறேன். நேற்று நன்றாகவே இறங்கியிருந்தது. இன்னும் முப்பத்து நாலு நாள் இருக்கிறது, தும்மல் வந்தால் வாசலுக்கு ஓடிவிடுகிறேன்.